சாணி மெழுகிய வெடிப்பு

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், கார்த்திகை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. இலங்கையில், கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். என் மனைவி பிள்ளை பெற்று, தீட்டுக் கழியாமல், தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில், கடைசிக் காம்பிரா அறையில் படுத்திருந்தாள். பல நாள் மழை அன்று காலை சற்று ஓய்ந்தபோதுதான் பார்த்தோம்: லயத்துக்கு மேலே, தேயிலைச் செடிகளின் நடுவே, மலை குறுக்காக வெடித்திருந்தது.

பெண்கள் வீட்டுத் தரையைப் போல அதை மண்ணால் அடைத்து, சாணி மெழுகி, சூடம் கொளுத்தினார்கள். மத்தியானம் மறுபடி மழை. மெழுகிய இடம் நெடுக வெடிப்பு மறுபடி விரிந்துவிட்டது. கீழ்ப்பக்கத்து நிலம் ஒரு சாண் இறங்கியிருந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் பிளந்துவருவதைப் பற்றிப் படித்திருந்தேன். அடியிலிருந்து எழும் சூடு தரையை உப்பவைக்கும். இருபுறமும் இழுபட்டுத் தரை மெலியும், வெடிக்கும், நடுப்பகுதி கீழே இறங்கும். உருகிய பாறை வெடிப்புக்குள் ஏறி, ஆப்பு மாதிரி அதை அகலமாக்கும். அந்த வரிசையிலேயே எரிமலைகள் நிற்கும். கடைசியில் கடல் உள்ளே வரும், ஒரு கண்டம் இரண்டாகும். இந்தியாவும் இந்தத் தீவும் ஆப்பிரிக்காவை விட்டு அப்படித்தான் விலகின என்று சிலர் எழுதியிருந்தார்கள். எங்கள் மலைக்கடியில் நெருப்பு இல்லை. உருகிய பாறையின் வேலையை இங்கே மழைத்தண்ணீர் செய்துகொண்டிருந்தது.

கங்காணியிடம் ஓடி, படித்ததையும் பார்த்ததையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஏங்க வாத்தியாரய்யா, லயம் அப்படியே மிதந்து இந்தியாவுல நம்ம ஊருக்குப் போயிருமா? போனா கப்பல் காசு மிச்சம்.”

“கீழ்ப்பக்கம் எறங்கிருச்சிங்க. வந்து பாருங்க.”

வந்தார். வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. பிறகு அவர் சிரிக்கவில்லை. எல்லாரையும் எதிர்ப் பாறைமேல் இருந்த மாரியம்மன் கோயிலுக்குப் போகச் சொன்னார். என்னை மட்டும் தனியே அழைத்தார்.

“உங்க வீட்டம்மாவ கோயிலுக்குள்ள விட முடியாதுங்க. தீட்டு.”

“அப்ப கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“எப்படிப் போவீங்க? அங்க போற ஓடைப் பாலத்த வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சே.”

கோயிலுக்கு வெளியே, பாறையின் சரிவில், அவளையும் குழந்தையையும் உட்காரவைத்தேன். மழைக்கு ஒரு கம்பளியும், கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் ஒரு படங்குச் சாக்கும்தான் இருந்தன. உள்ளே நூறு பேர் ஈரத்துணியோடு நெருங்கி நின்றார்கள். மூன்று தடவை பூசாரியிடம் போய்க் கெஞ்சினேன். “அம்மா கோவிச்சுக்கிட்டா மலை நிக்காது சாமி” என்றார். அவர் பயந்துதான் சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் மலை இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்து வந்தன. லயம் மண்ணுக்குள் போயிற்று. ஒருவரும் அதில் அகப்படவில்லை.

பூசாரி விளக்கோடு வெளியே வந்தார். “தாயி, பிள்ளைய எடுத்துக்கிட்டு உள்ள வாம்மா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா.”

குழந்தையின் உயிர் போய், உடம்பு குளிர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சாவு தெரிந்தால் கோயிலுக்கே தீட்டு, நூறு பேரும் மழையில் வெளியே வரவேண்டும். என் மனைவி கம்பளியை அதன் தலைக்குமேல் இழுத்துவிட்டாள்.

“மழை நல்லா விடட்டுங்க” என்றாள். எழுந்திருக்கவில்லை.