நீலத்தில் ஒரு பென்சில் புள்ளி

முப்பது வருஷம் புவியியல் நடத்தியவன் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கும்போது அது இறங்கியது.

கடையநல்லூரில் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படித்த பெண்ணின் அம்மா மைமூன், ஒரு மனுவோடு வந்தார். கணவர் காதர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் முதலாளி கையை விரித்துவிட்டான். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு ஐந்து மாதமாகக் கப்பல் நிற்கிறது. யாரையும் கரையில் இறங்க விடவில்லை.

"மனுவுல எந்த நாட்டுல இருக்காகன்னு எழுதணுமாம் சார். நீங்க மேப்பு சாருல்லா, பாத்துச் சொல்லுங்க."

காதர் அனுப்பிய லொகேஷனைப் போனில் திறந்தேன். நீலம். பெரிதாக்கினேன், இன்னும் நீலம். கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை அந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது எனக்கு மனப்பாடம். அந்தக் கோடுதான் எங்கும் இல்லை. பழக்கதோஷத்தில் அட்லஸை எடுத்து, அட்சரேகை, தீர்க்கரேகை பார்த்துப் புள்ளி வைத்தேன். சாரலில் நமுத்த தாளில் புள்ளி பருத்துவிட்டது. அளவுகோலில் கணக்குப் பார்த்தால் புள்ளியே பதினைந்து கிலோமீட்டர் வருகிறது. பாதி எல்லைக்கு உள்ளே, பாதி வெளியே. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், 'பன்னாட்டுக் கடல்' என்று எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மனு நாளுக்குத் தென்காசி கலெக்டர் ஆபீஸுக்கு நானும் கூடப் போனேன். மனுவைப் பார்த்த அலுவலர் அதைத் தள்ளி வைத்தார்.

"நாடு இல்லாம எந்த எம்பஸிக்கு எழுத சார்? நடுக்கடலுக்குத் தனியா எம்பஸி வச்சிருக்காகளா?"

வராந்தாவில் நின்று மைமூனுக்கு எல்லைக்கோட்டை விளக்க ஆரம்பித்தேன். பேசப் பேச எனக்கே குழம்பியது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அது இருக்கட்டும் சார். வாராவாரம் ஒரு போட்டுலதான் அவுகளுக்குத் தண்ணியும் அரிசியும் வருது. துறைமுக ஆபீஸ்ல பெர்மிட் வாங்கிட்டுத்தான் அந்த ஆளு வருதானாம். அந்த ஆபீஸு எந்த நாட்டுதோ அத எழுதுனா என்ன?"

கடலில் உவர்ப்பும் நீரோட்டமும் தேடத் தெரிந்த எனக்கு, அங்கே யார் யாருக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. 'பன்னாட்டுக் கடல்' என்பதை அடித்துவிட்டு அந்த நாட்டின் பெயரை எழுதினேன். மனு போய்ச் சேர்ந்தது. மூன்று மாதத்தில் காதர் வீடு வந்தார்.

என்னைப் பார்க்க வந்தபோது அவரிடம் அட்லஸைக் காட்டி, கப்பல் சரியாக எங்கே நின்றது என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல பாத்தா தெரியல சார். அங்கன நின்னா கரையில லைட்டு எரியுறது தெரியும். எறங்கத்தான் முடியாது."

உள்ளேயா வெளியேயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புள்ளியை அழிக்கவும் இல்லை. ஆனால் அதற்குப்பின் பெருங்கடல் பாடத்தை ஆழத்திலிருந்தும் பரப்பிலிருந்தும் நான் தொடங்கியதில்லை. மறுவாரம் சுவர்ப்படத்தின் நீலத்தில் கையை வைத்து, "இதுல யாரு வீட்டு ஆளு இருக்காக?" என்று வகுப்பில் கேட்டேன். நாலைந்து கைகள் உயர்ந்தன. மைமூனின் மகளும் பழக்கத்தில் தூக்கிவிட்டு, சட்டென்று இறக்கினாள்.

"எங்க வாப்பா எறங்கிட்டாக சார்."