அல் ஐனில் காணாமற்போனவர்கள்

துபாயிலிருந்து மணல் பாதையில் குலுங்கி அல் ஐன் வந்து இறங்கினால், நண்பர் ராமநாதன் தன் இரண்டு பிள்ளைகளையும் காணோமென்று பதறுகிறார். மணல்மேடெல்லாம் ஏறிக் கத்துகிறோம். கடைசியில் அடுத்த வீட்டு அரபிக் கிழவரின் முற்றத்தில் அகப்படுகிறார்கள். அவருடைய பேரப்பிள்ளைகளோடு ஒரே தாம்பாளத்தில் சோறு அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் மிரட்டி ஊட்ட வேண்டிய பிள்ளைகள்!

திட்ட வாயெடுத்த ராமநாதனையும் என்னையும் கிழவர் உட்கார்த்தி, காபிக் கிண்ணத்தைக் கையில் திணிக்கிறார். குடிக்கக் குடிக்க ஊற்றுகிறார். வேண்டாமென்று எப்படிச் சொல்வதெனத் தெரியாமல் குடித்துக்கொண்டே இருக்கிறோம்.

அழுது வீங்கிய கண்களோடு ராமநாதனின் மனைவி வாசலில் வந்து நிற்கிறார்.

“தேடப் போனவங்களையும் நான்தான் தேடணுமா?”

அவர் கைக்கும் ஒரு கிண்ணம் வருகிறது.

சின்னவள் சோற்றுக் கையோடு நிமிர்கிறாள்.

“காலிக் கிண்ணத்த ஆட்டிக் காட்டுங்கப்பா, அப்பதான் ஊத்துறத நிறுத்துவாரு. எங்களுக்குப் போன மாசமே தெரியும்.”