மூன்று நாடுகள், ஒரே பந்தி

கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொள்வது என் திட்டத்தில் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல்கள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அக்கா வீட்டுக்கு ஒரு நாள் தலைகாட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தவன், மறுநாள் காலை விழுப்புரம் பஸ் பிடிக்க நிலையத்துக்குப் போனால், பஸ்கள் எல்லாம் வரிசையாக நின்று தூங்கிக்கொண்டிருந்தன. உளுந்தூர்பேட்டை சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார் ஒரு நடத்துநர். எப்போது வழி விடுவார்கள் என்று கேட்டேன். "அவங்களுக்கே தெரியாது ஸார். வூட்டுக்குப் போயி படுங்க" என்றார்.

நான் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவன். கல்லூரியும் மூடிக் கிடந்தது. பையில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. ஐரோப்பாவில் பக்கத்துப் பக்கத்து நாடுகள் பன்னிரண்டு எப்படி ஒரே கூட்டாகச் சேர்ந்தன, எந்த அதிகாரத்தைக் கூட்டுக்குக் கொடுத்தன, எதைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டன, ஒரு நாடு முடியாது என்றால் மற்றவை என்ன செய்யும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அடுத்த மாதம் மாணவர்களுக்கு நடத்த வேண்டும். முதல் அத்தியாயத்தைத் தாண்டும் முன்பே எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஷரீப் பாயின் புளி மண்டி. கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் வாங்கி விற்கிறவர். புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு இன்னா ஸார் இது என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு மலையில அதே கதெதான் நடக்கப் போவுது. மூணு நாட்டுக்காரங்க ஒண்ணா சேரப் போறாங்க. என்கிட்ட ஜீப் கீது. வர்றீங்களா?"

மலைக்கு எதற்கு என்று அக்கா முணுமுணுத்தாள். அவள் வீட்டில் இன்னும் நாலு நாள் படுத்துக் கிடப்பதைவிட மலை மேல் என்று எனக்குத் தோன்றியது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். வழியில் ஓரிடத்தில் சாலையின் குறுக்கே கிளைகள் கிடந்தன. நாலைந்து இளைஞர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்றார்கள். மலைக்கு என்றார் பாய். "மலைக்கின்னா போங்க. மெட்ராஸ் பக்கம் போறவங்களுக்குத்தான் வழி கெடையாது" என்று ஒருவர் எழுந்து கிளையை இழுத்துவிட்டார். கச்சிராயபாளையத்தில் ஐம்பது பைசாவுக்கு டீ குடித்தோம். கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது.

ஏற்றத்தில் ஜீப்பின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தித்தான் பாய் எனக்கு விஷயத்தை விளக்கினார். அரசாங்கக் காகிதத்தில் அவை ஊராட்சிகள். மலைக்காரர்களின் பேச்சில் நாடுகள். ஏழெட்டுச் சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அதற்கு ஓர் எல்லை, ஒரு கோயில், தலைவராக ஒரு நாட்டார். நாட்டார் தீர்ப்பு எல்லைக்குள் செல்லும். எல்லையைத் தாண்டிவிட்டால் அடுத்த நாட்டாரின் ஆட்சி. இப்போது ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் மூன்று நாடுகள் ஒரே சபையாகச் சேர முடிவு செய்திருந்தன. பெயர்களை மாற்றி எழுதுகிறேன்: மூங்கில்நாடு, ஓடைநாடு, பாறைநாடு.

"இத்தினி நாளு இல்லாம இப்ப ஏன் சேர்றாங்க?" என்று நானும் கத்தினேன்.

"கீழ நடக்கறத பாத்துக்கினுதான். ஒண்ணா சேந்து ரோட்ல குந்துனா கவர்மெண்டு காது குடுக்குதில்ல? இவங்களுக்கு ஜாதி சர்டிபிகேட் வாங்க அலைச்சல், பட்டா கெடையாது, ரோடு கெடையாது. தனித்தனியா போயி நின்னா எவன் கேக்கறான்?" ஒரு வளைவைத் தாண்டிவிட்டு, "மூணு பேரும் சேந்து புளிக்கி ஒரே வெலன்னு சொல்லிட்டா என் பொழப்பு இன்னா ஆவறது? அத பாக்கத்தான் நான் போறேன்" என்றார்.

வெள்ளிமலையில் ஜீப்பை விட்டோம். அங்கிருந்து ஓடைநாட்டின் பெரிய ஊர் எட்டு கிலோமீட்டர் நடை. இருபக்கமும் சாமைக் கொல்லைகள், நடுநடுவே பலா மரங்கள். எதிரே நாலு பேர் கட்டிலில் கயிறு கட்டி ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். மூங்கில்நாட்டிலிருந்து வருகிறார்கள் என்பதால் இன்னும் தூரம். சாலை கேட்பதன் நியாயத்தை அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊரில் கூட்டத்துக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இந்த முறை ஓடைநாடுதான் விருந்து வைக்கிற நாடு. ஒரு கொட்டகையில் மூன்று கல் அடுப்புகள் எரிந்தன. முப்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி தனியாளாய் மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் செல்லி. பாய்க்கு நன்றாகத் தெரிந்தவள். மலைக்கு வரும்போதெல்லாம் அவள் கையால்தான் சாப்பாடாம். எங்களுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள்.

"இன்னா செல்லி, மொகம் சரியில்ல?" என்றார் பாய்.

"எப்பிடிங்க சரியா இருக்கும்? இன்னிக்கி சாயங்காலம் நான் எங்க இருப்பேன்னே தெரியலையே."

அவள் கதையைப் பாயும் அவளுமாக மாறி மாறிச் சொன்னார்கள். செல்லி மூங்கில்நாட்டில் பிறந்து அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். புருஷன் அடிக்கிறான் என்று அப்பன் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போ என்று நாட்டார் தீர்ப்புச் சொன்னார். போக மாட்டேன் என்றாள். நாட்டார் சொல்லை மீறியவளைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தால் நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சுக் கிடையாது. அவள் கையால் சாப்பிடுகிறவர்களுக்கும் அதே தண்டனை. பெற்ற அப்பன்கூடப் பேசவில்லை. ஒரு விடியற்காலையில் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். இங்கே வேறு நாடு, வேறு நாட்டார். மூங்கில்நாட்டின் தீர்ப்பு ஓடைக்கு அந்தக் கரையோடு நின்றுவிட்டது. மூன்று வருஷமாக ஒரு துண்டுக் கொல்லையில் சாமை போடுகிறாள், இரண்டு ஆடு வைத்திருக்கிறாள், ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் இவள்தான் சமைக்கிறாள்.

இப்போது மூன்று நாடும் ஒன்றானால், ஒரு நாடு தள்ளியவரை மூன்று நாடும் தள்ள வேண்டும் என்பது மூங்கில்நாட்டு நாட்டாரின் நிபந்தனை. அது இல்லாமல் கூட்டில் சேர மாட்டாராம். மூன்று நாட்டில் ஒன்று ஒப்பாவிட்டாலும் சபை கிடையாது. அதுவும் அவர்கள் வழக்கம்.

"இந்த ஊரு நாட்டாரு உனக்காவ பேசறேன்னு சொல்லிக்கீறாரு. ஆனா அவருக்கு ரோடு வேணும். போன மழையில அவரு மருமவளை கட்டில்ல வச்சித்தான் ஆஸ்பத்திரிக்கி தூக்கிக்கினு போனாங்க, பாதி வழியிலயே உசிரு பூடுச்சி. அவர நான் இன்னா கொற சொல்றது?" என்றாள் செல்லி. கரண்டியை வேகமாகக் கிண்டினாள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. என் புத்தகத்தில் பொதுச் சட்டம் என்ற தலைப்பில் இருபது பக்கம் உண்டு. ஓடையைத் தாண்டி வந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரி பார்த்த ஞாபகம் இல்லை.

பதினொரு மணிவாக்கில் மற்ற இரண்டு நாட்டாரும் ஆட்களோடு வந்து சேர்ந்தார்கள். மூங்கில்நாட்டு நாட்டார் உயரமான மனிதர், பேச்சு குறைவு, தலைப்பாகை வெள்ளை வெளேரென்று இருந்தது. மலையேறி இறங்கி வந்த களைப்பு எல்லோரிடமும் தெரிந்தது. பலா மரத்தடியில் கூட்டம் தொடங்கியது. முதல் இரண்டு விஷயங்கள் சுலபமாக முடிந்தன. கலெக்டர் ஆபீசுக்குப் போனால் மூன்று நாட்டாரும் சேர்ந்துதான் போவது, தனியாக யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. புளிக்கு ஒரே விலை. பாய் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும், "சரி, சண்டெ கம்மியாவும்" என்று தன்னையே தேற்றிக்கொண்டார். சபை எந்த நாட்டில் கூடுவது என்பதில்தான் இழுபறி. கடைசியில் முறை வைத்து மாறி மாறிக் கூடலாம் என்று முடிந்தது. ஐரோப்பாக்காரர்களும் இதில்தான் அதிகம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது விஷயத்துக்கு முன்பாகச் சாப்பாடு. பந்தி போட்டார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு கீரை. பரிமாறியவர்கள் ஓடைநாட்டு ஆண்கள். செல்லி கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். விருந்து வைக்கிற நாட்டில் போய், இதைச் சமைத்தது யார் என்று விருந்தாளி கேட்கக் கூடாது. கேட்டால் அந்த நாட்டையே சந்தேகப்பட்டதாகும், பெரிய அவமரியாதை. ஆகவே மூங்கில்நாட்டு நாட்டார் கேட்கவில்லை. இரண்டாவது முறை குழம்பு வாங்கினார். நானும்தான் வாங்கினேன்.

கை கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். மூங்கில்நாட்டு நாட்டார் தன் நிபந்தனையைச் சொன்னார். "ஒருத்தன் தள்ளுனத இன்னொருத்தன் சேத்துக்கினா அது இன்னா ஒத்துமைங்க? ஒரு நாட்டு சொல்லு மூணு நாட்டுலயும் நிக்கணும். எங்க பொண்ணு ஒருத்தி இங்கதான் கீறா. அவளுக்கும் அதே."

பாறைநாட்டு நாட்டார் தலையாட்டினார். ஓடைநாட்டு நாட்டார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்புக்கொள்ளப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

அப்போது செல்லி கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே பலா மரத்துக்குப் பத்தடி தள்ளி, மூங்கில்நாட்டு நாட்டாரைப் பார்த்து நின்றாள். அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"சோறு எப்பிடி இருந்துச்சு மாமா?"

யாருக்கும் உடனே விளங்கவில்லை. விளங்கியதும் மூங்கில்நாட்டுக்காரர் ஒருவர் எழுந்தே விட்டார். ஓடைநாட்டு நாட்டாரின் முகத்தைப் பார்த்தேன். அது அவர் செய்த சூழ்ச்சி இல்லை. மூன்று வருஷமாக அவள்தான் சமைக்கிறாள், இன்றைக்கும் அவளையே சமைக்கச் சொன்னார், அவ்வளவுதான். இன்றைக்கு அந்தச் சோற்றைச் சாப்பிட வருகிறவர் அவளைத் தள்ளிவைத்தவர் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. பாய் என் காதருகே குனிந்தார். "தள்ளுனவ கையால சாப்ட்டா சாப்ட்டவனும் தள்ளுபடி ஸார். அந்த சொல்லு மூணு நாட்டுலயும் செல்லும்னா இப்ப மூணு நாட்டாருமே தள்ளுபடி. சபைய எவன் நடத்தறது?"

ஆளுக்கு ஆள் பேசினார்கள். தீட்டுக் கழித்துவிடலாம் என்றார் ஒருவர். அப்படியானால் ஓடைநாட்டு விருந்தே தீட்டு என்று சொன்னதாகாதா என்றார் இன்னொருவர். தெரியாமல் சாப்பிட்டால் குற்றமாகாது என்றார் மூன்றாமவர். கேக்காம சாப்டறதுதானே நம்ம வழக்கம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மூங்கில்நாட்டு நாட்டார் மட்டும் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபத்தில் எழுந்து போய்விடுவாரோ, சாலையும் பட்டாவும் எல்லாமும் அவரோடு போய்விடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"சாப்பிட்டது சாப்பிட்டதுதான்" என்றார் கடைசியில். "இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவங்கவங்க தள்ளுனது அவங்கவங்க எல்லையோட நிக்கட்டும். மத்ததுக்கெல்லாம் நாம ஒண்ணு."

பாறைநாட்டு நாட்டார் சரி என்றார். ஓடைநாட்டு நாட்டாரும் சரி என்றார். தாம்பாளத்தில் வைத்திருந்த வெற்றிலையை மூவரும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். சபை பிறந்துவிட்டது.

எழுந்தபோது மூங்கில்நாட்டு நாட்டார் செல்லியின் பக்கம் திரும்பினார். மூன்று வருஷத்தில் அவளோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "நான் சாப்ட்டுட்டேன். இனிமே நீ வூட்டுக்கு வரலாம்."

"அந்த வூட்டுக்கு வேணாம் மாமா. அப்பன மட்டும் ஒருக்கா வரச் சொல்லுங்க."

அவர் சரி என்பதுபோலக் கையை அசைத்துவிட்டு நடந்தார்.

கிளம்பும் முன் செல்லியிடம் கேட்டேன், காலையிலேயே இப்படிச் செய்ய நினைத்திருந்தாளா என்று. "பொழுது விடிஞ்சதுலேருந்து அதையேதான் நெனச்சிக்கினு ஆக்குனேன். அவரு சாப்டாம எழுந்து பூடுவாரோன்னுதான் பயம். ரெண்டாந்தரம் கொழம்பு கேட்டாருன்னு சொன்னாங்க பாருங்க, அப்பதான் மூச்சு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அடுப்புச் சாம்பலை அள்ள உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்போல. நாங்களும் பார்க்காதவர்கள்போலக் கிளம்பினோம்.

இறங்கும்போது பாய் புளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் களமருதூர் பக்கத்தில் இருக்கும் என் ஊரை நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே கூலி வேலை செய்த ஒரு குடும்பத்தை ஊரார் விலக்கி வைத்தார்கள். என்ன தகராறு என்பது இப்போது முக்கியமில்லை. கடையில் அரிசி தரவில்லை, களத்தில் வேலை தரவில்லை. அவர்கள் பக்கத்து ஊருக்குப் போனார்கள், அங்கே சேதி முன்பே போயிருந்தது. அதற்கடுத்த ஊரிலும் அப்படியே. எங்கள் பக்கம் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் ஒரே பேச்சு, ஒரே கட்டு என்று கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தக் குடும்பத்துக்கு அடுப்பு மூட்ட இடம் கிடைத்தது பெங்களூரில்தான்.