பத்துக்கு மூன்று

மலையாளம் பேசும் ஊருக்குப் பிழைக்க வந்த எங்கள் வீட்டில் அந்த மொழியை எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், மூன்றாம் வகுப்பிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து வலிக்கு மருந்து கொடுக்கும் பாலியேட்டிவ் சிஸ்டர் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் காலையில் வலி பத்துக்கு எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டு எழுதச் சொன்னார். நானும் தாசில்தார் தோரணையில் பேனாவோடு கட்டிலருகே போய் நிற்பேன்.

அம்மா தம்பானூர் ஹோட்டலுக்கு மாவாட்டக் கிளம்பும் நேரம் அது. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது. அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "மூணுன்னு எழுது மோளே" என்பார். எல்லா நாளும் மூன்றுதான். அம்மாவும் நிம்மதியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

எனக்கு மானம் போனது. பத்துக்கு மூன்று வாங்கும் பிள்ளைகளை எங்கள் டீச்சர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அப்பா என்ன அவ்வளவு மோசமா? அந்த வாரம் முழுக்க ஒன்பது ஒன்பதாக எழுதித் தள்ளினேன்.

அடுத்த முறை சிஸ்டர் வந்தபோது அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நோட்டைப் பார்த்ததும் சிஸ்டரின் முகம் மாறிவிட்டது.

"ஒம்பதா அண்ணாச்சி? இது எந்தா, என்கிட்ட ஒண்ணும் சொல்லல்லே?"

என் கள்ளத்தனம் அப்பா வாயால் வெளியே வரப்போகிறது என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "படுக்கவே முடியல சிஸ்டரே. சொன்னா அவ வேலய விட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்துருவா. அப்பறம் சோத்துக்கு எங்க போவோம்" என்றார். அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லதுதானே, இதற்கா அழுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

சிஸ்டர் டாக்டரிடம் போனில் பேசி மருந்தைக் கூட்டினார். சாயங்காலம் அம்மாவுக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. கஞ்சியை மட்டும் ஊட்டினாள்.

மூன்றாம் நாள் காலை, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, "சத்தியமா ரெண்டுதான், எழுது" என்றார் அப்பா. அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று மார்க்காவது வாங்கிக்கொண்டிருந்த மனுஷன் இரண்டுக்கு இறங்கிவிட்டாரே என்று நான் குளியலறைக்குள் போய் அழுதேன். அன்று அந்த வீட்டில் துக்கப்பட்டது நான் ஒருத்திதான்.