இன்னொருவாட்டி அக்கா

குழாயில் ஒட்டிய சீட்டை இரண்டு முறை படித்தாயிற்று. மூன்றாவது முறை வாய்விட்டுப் படிக்கிறார் அக்கா. எண், தேதி, எந்த ஒட்டகம், எந்த உறுப்பு. பிறகு குழாயைப் பனிப்பெட்டிக்குள் வைத்து மூடி, நாலடி நடந்து, திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்க்கிறார். குழாய் வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆய்வகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘இன்னொருவாட்டி அக்கா’. வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்துத் தொங்குவார். பாதிப் படி இறங்கியதும் மறுபடி ஏறுவார். “திருடன்கூட இவ்வளவு நேரம் பூட்டை இழுக்க மாட்டான்” என்பார் கீழே காத்து நிற்கும் கணவர்.

ஒட்டகத்தின் நோய் எதிர்ப்பு அணுக்களில் மரபணுவைப் படிப்பது அக்காவின் வேலை. கிருமியைப் பிடிக்க அந்த அணுக்களின் மேல் கொக்கி மாதிரி ஒன்று உண்டு. ஏற்பி என்று பெயர். டி-செல் வகை அணுக்கள் கொக்கியை ஒருமுறை செய்துகொண்டால் செய்ததுதான், அப்புறம் அதன் மரபணு எழுத்துகளைத் திருத்துவதில்லை என்பது அக்கா படித்த பாடம். இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த ஓர் ஒட்டகத்தின் மண்ணீரலிலோ அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துகள் மாறியிருந்தன. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். அக்கா தன் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கை எங்கேயோ பிசகிவிட்டது, இல்லையென்றால் இறைச்சிக்கூடத்தில் இரண்டு ஒட்டகங்களின் மாதிரியைக் கலந்துவிட்டார்கள்.

ஏழு முறை திரும்பச் செய்தார். ஏழு முறையும் அதே மாற்றங்கள். அந்த ஆய்வகத்தில் அக்காவின் கையை நம்பாத ஒரே ஆள் அக்காதான்.

பேராசிரியர் ஒரு காகிதத்தை நீட்டினார். “சரின்னு தோணினா கையெழுத்துப் போடுங்கம்மா, இதை வெச்சே எழுதிடலாம். சந்தேகமா இருந்தா பண்ணையில ஒரு ஒட்டகத்தை எடுத்துக்கலாம்.”

எடுத்துக்கொள்வது என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். உயிரோடிருக்கும் ஒட்டகத்திடம் மண்ணீரலைக் கேட்டு வாங்க முடியாது. அதிலும், எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பிறவி எழுத்துகள் முழுக்கப் படிக்கப்பட்டது பண்ணையில் ஒன்றே ஒன்றுதான். இளம் பெண் ஒட்டகம். நேற்றைய தண்ணீரை வாயால் தொடாது, கழுத்தைச் சொறிந்துவிடாமல் யாரையும் தாண்டிப் போக விடாது என்பதால் பண்ணைக்காரர் அதை மகாராணி என்று கூப்பிடுவார்.

காகிதம் மூன்று நாள் அக்காவின் மேஜையில் கிடந்தது. பேனாவை எடுப்பார், வைப்பார். நாலாம் நாள் கையெழுத்தில்லாமலே திருப்பிக் கொடுத்தார்.

“இன்னொருவாட்டி பாத்துடலாம் சார்.”

மகாராணியின் மண்ணீரலிலும் எழுத்துகள் அப்படியேதான் மாறியிருந்தன. கையும் பிசகவில்லை, மாதிரியும் கலக்கவில்லை. தன் கொக்கியைத் தானே திருத்திக்கொள்ளும் பிராணி ஒட்டகம், அவ்வளவுதான். ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். ஒன்றுக்கு இரண்டு ஒட்டகமாக இருப்பது கட்டுரைக்குப் பலம் என்றார் பேராசிரியர், அது உண்மையும்கூட. அக்கா கேக் துண்டைப் பிடித்தபடியே நின்றார். க்ரீம் உருகி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

மறுநாள் இரண்டு பஸ் மாறிப் பண்ணைக்குப் போனார். தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பண்ணைக்காரர் நலம் விசாரித்தார், வெயிலைத் திட்டினார். மகாராணியை அறுத்த அன்றைக்கு அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். பேச்சோடு பேச்சாக, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“ஏதாவது கெடைச்சுதாம்மா? வீணாப் போயிடலையே?”

‘வீணாகலை’ என்று ஒரு வார்த்தை போதும். அது பொய்யும் ஆகாது. பஸ்ஸில் அதைத்தான் அக்கா மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

“கெடைச்சுதுண்ணே. ஆனா மொதல் ஒட்டகத்துலயே கெடைச்சிருந்துது. எனக்குத்தான் நம்பிக்கை வரலை. மகாராணியைத் தொட்டிருக்கவே வேண்டாம்.”

பண்ணைக்காரர் தண்ணீரை நிறுத்தினார். மற்ற ஒட்டகங்கள் தொட்டிக்கு வந்து குடித்து முடித்தன. பிறகு ஒரு காலி வாளியைக் கவிழ்த்து, தோள் துண்டால் தூசி தட்டி, உட்காரச் சொல்லி அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார்.

அக்கா வாளியைத் தாண்டிப் போய், வெறும் மண்ணில் உட்கார்ந்தார்.