இல்லையெண்டு சொல்லமாட்டன்

மலேரியா எப்போதாவது வந்ததுண்டா என்று டெனிஷ் வைத்தியர் கேட்டு முடிப்பதற்குள் மாமி "ஓம்" என்றார். அதுவரை டெனிஷிலேயே பேசிக்கொண்டிருந்தவரின் வாயில் அந்த ஒரு சொல் மட்டும் தமிழில் வந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு, இனி அவரைத் தடுப்பூசிப் பரிசோதனைக்கு எடுக்கமாட்டார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மாமி என் தாய்மாமனின் மனைவி, டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை. போரினால் வன்னியில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வயிற்றில் பிள்ளையோடு மலேரியாவில் விழுந்தார். பிள்ளை இறந்தே பிறந்தது. கர்ப்பிணிகளை அந்தக் காய்ச்சலிலிருந்து காக்கும் தடுப்பூசிக்காகத்தான் எங்கள் ஆய்வுகூடம் வேலை செய்கிறது என்று நான் சொன்ன நாளிலிருந்து, மனிதரில் செய்யும் முதல் பரிசோதனைக்குத் தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அந்த ஊசியில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். வைரஸின் வெளிக்கூடு மாதிரி ஒன்று, உள்ளே பெருகுவதற்கு எதுவுமில்லை, வெறும் கோது என்றேன். அதன்மேல், பலாப்பழத் தோலில் முள் நிற்பதுபோல, மலேரியாக் கிருமியின் புரதத் துண்டை நெருக்கமாக ஒட்டுகிறோம். துண்டைத் தனியே போட்டால் உடம்பு பெரிதாகக் கணக்கெடுக்காது. கோதின்மேல் வரிசையாகக் கண்டால் வைரஸே வந்துவிட்டதென்று துள்ளியெழும், அந்தத் துண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

"வெறுங் கோதோட சண்டைக்குப் போகுமோ? என்னை மாதிரித்தான்" என்று சிரித்தார் மாமி.

கோயிலில் சிலர், "சோதனை எலியாகப் போறியோ?" என்று கேலி செய்தார்கள். மாமி திரும்பியும் பார்க்கவில்லை. வைத்தியரிடம் போகும் வழியில், மலேரியா வந்தவர்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று நான் எச்சரித்தபோது, காரின் பின்னிருக்கையிலிருந்து என் அம்மா வழி சொன்னார்: "அப்ப சொல்லாதை. இஞ்ச ஆருக்குத் தெரியப்போகுது?"

கார் ஓட்டிக்கொண்டிருந்த மாமி வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "காய்ச்சல் வரேல்லையெண்டால் என்ர பிள்ளையும் வரேல்லையெண்டெல்லோ ஆகும். இல்லையெண்டு சொல்லமாட்டன்."

அதனால்தான் அந்த "ஓம்". பழைய காய்ச்சலின் தடயம் இரத்தத்தில் இருந்தால் முடிவு குழம்பும் என்று வைத்தியர் பணிவாக விளக்கினார். நியாயம்தான். இருந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டவளுக்கு வாசலில் இடமில்லை! மாமி எழுந்து, டெனிஷில், "நான் இல்லாமலே செய்யுங்கள். ஆனால் செய்து முடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

போன மாதம் எங்கள் ஆய்வுகூடக் கூட்டத்தில், மலேரியாவை விட்டுவிட்டு, பணக்கார நாடுகள் வாங்கக்கூடிய ஏதாவதொன்றை அதே கோதில் ஒட்டலாமே என்று ஒருவர் கேட்டார். ஒட்டலாம், கோது எதையும் சுமக்கும். நான் சம்மதிக்கமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். இன்னும் இழுபறிதான்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை இக்காஸ்ட் நகரில் ஒரு பிறந்தநாள் விழாவில் மாமியைக் கண்டேன். "ஊசி வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை மாமி. நிப்பாட்டப் பாக்கினம்."

"நீ விட்டனியோ?"

"இல்லை."

"அப்ப ஏன் இஞ்ச நிண்டு ரோல்ஸ் தின்னுறாய்? போய் வேலையைப் பார்."