மூடிகளைக் கழற்றியவர்

அந்த ஆண்டுகளில் என் கைப்பையில் மறைவான பொருள் என்று எதுவும் கிடையாது. சீப்பு, மாத்திரை, குடை எல்லாம் உள்ளே இருப்பது தெரியும் பொலித்தீன் பைகளில்தான் இருக்கும். போர் மறுபடி மூண்டிருந்தது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வழியில், நாவுலப் பக்கம் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. வேலை நிமித்தம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதைக் கடக்க வேண்டும். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் என்னை மட்டும் இறங்கச் சொல்வார்கள். அவர்கள் கேட்கும் முன்பே நான் எல்லாவற்றையும் திறந்து நீட்டிவிடுவேன். சோற்றுப் பெட்டியின் மூடியைக்கூட வேனிலேயே கழற்றி வைத்துக்கொள்வேன். என் பருப்புக் கறிக்குக்கூட வெட்கம் போய்விட்டது என்று எங்கள் சாரதி சிங்களத்தில் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள், யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். அதை நான் என் கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

தொலைபேசியும் இணையமும் வழங்கும் ஒரு நிறுவனத்தின் மாத்தளை அலுவலகத்தில் நான் தொழில்நுட்ப அலுவலராக இருந்தேன். தம்புள்ளை வரைக்கும் புதிதாக ஃபைபர் கேபிள் இழுத்து முடித்திருந்தார்கள். மாத்தளை முனையில் ஒரு கம்பனியின் கருவி, தம்புள்ளை முனையில் வேறொரு கம்பனியின் கருவி. ஏன் அப்படி வாங்கினார்கள் என்று கொழும்பைத்தான் கேட்க வேண்டும். இரண்டையும் கேபிளோடு இணைக்க மொடியூல் வேண்டும். சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு அது. முகப்பில் இரண்டு துவாரங்கள். ஒன்றிலிருந்து ஒளி புறப்படும், மற்றதில் வந்து சேரும். கருவியில் செருகும் வரை அந்தத் துவாரங்களை ரப்பர் மூடி அடைத்திருக்கும்.

கருவி செய்கிறவர்கள் தங்கள் மொடியூலைத் தவிர வேறெதுவும் ஓடாது என்பார்கள், விலையையும் அதற்கேற்பச் சொல்வார்கள். கண்டியில் ஒரு சின்னக் கம்பனி, இரண்டு கருவிகளிலும் ஓடும் மொடியூல் தங்களிடம் இருக்கிறது என்று வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மாத்தளை ஊர்க்காரர். வயதில் மூத்தவர், முஸ்லிம். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பெரிய கம்பனி ஒன்றில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்திருந்தார். அவர் பிடித்துத் தந்த முதல் ஓடர் எங்களுடையது. பரிசோதித்து அறிக்கை எழுத வேண்டியவள் நான். ஓடவில்லை என்று எழுதினால் அவருடைய வேலை போய்விடும். அதை அவர் சொல்லவில்லை. அவருடைய மனைவியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பதால் எனக்குத் தெரியும்.

மாத்தளையில் தொடக்கமே சண்டைதான். மொடியூலைச் செருகியதும் கருவி அதை அந்நியப் பொருள் என்று அறிவித்துக் கதவைச் சாத்திக்கொண்டது. நானா ஒரு பழைய கொப்பியைப் புரட்டி, கையேட்டில் இல்லாத ஒரு கட்டளையைச் சொன்னார். தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் பொறியியலாளர் சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் கலப்புக் கருவி என்றாலே அவருக்குக் கசக்கும். தம்புள்ளையிலும் எரியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

மறுநாள் இரண்டு மொடியூல்களை எடுத்துக்கொண்டு தம்புள்ளைக்குப் போனேன். ஒன்று செருகுவதற்கு, மற்றது மாற்றுக்கு. அங்கேயும் விளக்கு எரியவில்லை. இந்தக் கருவிகள் பேசத் தொடங்கும் முன் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மாத்தளைக் கருவி விசாரித்துக் காத்திருந்தது, தம்புள்ளைக் கருவி அதைச் சட்டை செய்யவே இல்லை. மாத்தளை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, இரண்டு பக்கமும் அந்த விசாரணையை நிறுத்தினேன். விளக்கு எரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் சாரதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உள்ளே வருவதற்குள் அணைந்துவிட்டது.

அதன் பிறகு எரியும், பத்து எண்ணுவதற்குள் அணையும். வந்து சேரும் ஒளி இருக்க வேண்டிய அளவில் பாதியின் பாதிகூட இல்லை. மற்ற மொடியூலைச் செருகினேன், அதுவும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் போய் முழுப் பகலும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. மாத்தளையில் ஓடுகிற மொடியூல் தம்புள்ளையில் ஓடவில்லை என்றால் என்ன பொருள்? அந்தக் கருவிக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். பொறியியலாளர் தொலைபேசியில் அதைத்தான் சொன்னார். நாளை மாலைக்குள் அறிக்கை வேண்டும் என்றார்.

நானாவுக்கு நான்தான் சொன்னேன். 

"ஓடலன்னா ஓடலன்னே எழுதுங்க தங்கச்சி. ஒரு பேச்சும் இல்ல. நாளைக்கி நான் வந்து ஒருக்காப் பாத்துட்டுப் போறேன், அதுக்குப் பொறகு எழுதுங்க" என்றார்.

வந்தார். கண்டியிலிருந்து தம்புள்ளைக்குப் பஸ்ஸில், சட்டைப் பையில் உறை பிரிக்காத ஒரு புது மொடியூலோடு. கருவிக்கு முன்னால் நின்று உறையைக் கிழித்தார், மூடியைக் கழற்றிய கையோடு செருகினார். அதற்கு முன் கேபிளின் நுனியைத் துடைத்தார். விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. வந்து சேரும் ஒளி மொடியூலின் துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்த அளவுக்கு வந்து நின்றது.

பொறியியலாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். அப்படியானால் தம்புள்ளையில் செருகிய மூன்றில் இரண்டு பழுது, இதை நம்பி எப்படி வாங்குவது, எழுதித் திருப்பி அனுப்பு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வெளியே பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தைக்குத் திரும்பும் மரக்கறி லொறிகள் வரிசையாக நின்றன. அவர் அவற்றை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். 

அறிக்கையில் எண்களைக் குறிப்பதற்காகப் பழைய மொடியூலைத் திரும்பச் செருகினேன். மறுபடி அதே மங்கல். கேபிளைக் கழற்றி அதன் நுனியைக் கை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். சற்றுமுன் துடைத்த நுனியில் மணல் மணலாக அழுக்கு. துடைத்துவிட்டு மறுபடி செருகி, கழற்றிப் பார்த்தேன். மறுபடி அழுக்கு. கேபிளில் ஒன்றும் இல்லை, மொடியூலின் துவாரத்துக்குள்தான் புழுதி இருந்தது.

நானா வந்து தானும் பார்த்தார். நிதானமாகத்தான் கேட்டார்.

"மூடிய எங்க வச்சுக் கழட்டுனீங்க?"

"வேன்ல."

சொல்லும்போதே எனக்கு முகம் சுட்டது. முதல் நாள், சாவடிக்கு முன்னால் வரும் பாலாப்பத்வல ஊரைத் தாண்டியதும் இரண்டு மொடியூல்களையும் உறையிலிருந்து எடுத்தேன். அடைத்த துவாரத்தோடு ஓர் உலோகத் துண்டைப் பார்த்தால் சும்மா விடுவார்களா? போன மாதம் என் டோர்ச்சைப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். ஆகவே மூடிகளைக் கழற்றி ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, மொடியூல்களை உள்ளே எட்டிப் பார்க்க வசதியாக மடியில் திறந்து வைத்தேன். வீதியை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேன் ஜன்னல் முழுதும் திறந்திருந்தது. சாவடியில் அன்று அவற்றை யாரும் தொடக்கூட இல்லை.

யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் நானாமீது பாய்ந்தேன். உங்களுக்கு என்ன தெரியும், ஒவ்வொரு தடவையும் என்னைத்தானே இறக்குகிறார்கள் என்றேன்.

"என்னயும் எறக்கித்தான் பாக்குறாங்க தங்கச்சி" என்றார். பிறகு தன் பையிலிருந்து துவாரம் துடைக்கும் மெல்லிய குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் விளக்குப் பிடித்தேன். இரண்டு மொடியூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக, புதியதைப் போலவே ஓடின.

துடைத்தோம், ஓடியது என்று மட்டும் எழுதினால் போதும், உங்கள் பெயர் எதற்கு என்றார் நானா. ஆனால் புழுதி எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் அது கண்டிக் கம்பனியின் உறைக்குள் இருந்த புழுதியாகிவிடும். கைத்தவறு என்று எழுதவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அது தவறிச் செய்ததல்ல, நான் கவனமாகச் செய்தது. அறிக்கையில் இப்படி எழுதினேன்: பாதுகாப்புச் சோதனையை எதிர்பார்த்து மூடிகள் பயணத்தின்போதே கழற்றப்பட்டன. கழற்றியவர்: நான். அந்த இரண்டு வரிகளையும் தட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது.

பொறியியலாளர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அந்த வரிகளைப் படித்தார். திறக்கச் சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லாமலே ஏன் திறந்தாய் என்றார். சொல்வதற்கு முன் திறந்தால் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் என்றேன். சிங்களத்தில் அதைச் சொல்லிக் கேட்டபோது எனக்கே பிடிக்கவில்லை. அவர் பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்: அந்த வழியால் எத்தனையோ வருடமாகப் போய் வருகிறேன், என் பையை ஒரு நாளும் திறந்து காட்டியதில்லை, இதுவரை அதை யோசித்ததும் இல்லை.  அறிக்கையில் கையெழுத்திட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து, இந்தப் பொதியைத் திறந்தால் பழுதாகிவிடும் என்று சிங்களத்தில் எழுதி முத்திரை வைத்துத் தந்தார். நானாவின் ஓடர் கைவிட்டுப் போகவில்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு மொடியூல்களைத் தம்புள்ளைக்குக் கொண்டுபோனேன். உறை பிரிக்கவில்லை. பையின் ஸிப்பையும் மூடியே வைத்திருந்தேன். பாலாப்பத்வலயிலிருந்தே கை அந்த ஸிப்புக்குப் போய்ப் போய் வந்தது. சாவடியில் பெண்களைச் சோதிக்கும் மறைப்புக்குள் ஒரு சிப்பாய்ப் பெண் இருந்தாள், என் தங்கையின் வயது இருக்கும். பையைத் திறக்கச் சொன்னாள், திறந்தேன். பொதியை எடுத்துப் பிரிக்க நகத்தை வைத்தாள். பொறியியலாளரின் தாள் என் கையில்தான் இருந்தது. அதை நீட்டுவதற்கு முன் வாய் முந்திக்கொண்டது. திறக்க வேண்டாம் நங்கி, உள்ளே புழுதி போனால் கெட்டுவிடும் என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னேன். என்ன இது என்றாள். தொலைபேசிப் பேச்சு ஒளியாக இதன் வழியாகத்தான் போகும் என்றேன். அவள் உறையை வெளிச்சத்துக்குப் பிடித்து, பிளாஸ்டிக்கின் ஊடே சற்று நேரம் பார்த்தாள். பிறகு பையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மேசையில் கொட்டிச் சோதித்தாள். பொதியை மட்டும் பிரிக்காமல் என் கையில் தந்தாள்.

தம்புள்ளையில் மொடியூல்களைச் செருகி, எண்களைக் குறித்துக்கொண்டு நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒளி சரியாக இருக்கிறது என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"செக்பொயின்ட்ல தொறந்தாங்களா?"

"இல்ல நானா. தொறக்க வேணாம்னு சொன்னேன். விட்டுட்டாங்க."

 

"நீங்க சொன்னீங்களா தங்கச்சி?" என்றார்.

"ஆமா நானா" என்றேன். "நான் சொன்னேன்."